வெற்றி என்றொரு அளவு

பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. மீள்வடிவ மையத்துக்கு ரோலரம்மா கொடுக்க வேண்டிய பாக்கி அது. இத்தனைக்கும் அந்த மையம் அவள் உடம்பில் ஒரு தையல் போடவில்லை, ஒரு ஊசி குத்தவில்லை. பார்த்தார்கள். பார்த்ததற்கு ஒரு தொகை. பார்த்தது சரிதானா என்று இன்னொருவர் வந்து பார்த்தார். அதற்கும் ஒரு தொகை. மிச்சமெல்லாம் பேச்சுக்கும், பேச்சுக்கு நடுவே உட்கார வைத்த மெத்தை நாற்காலிக்கும்.

அறுவை சிகிச்சை என்னவோ இலவசம்தான். தொழிலாளர் காப்பீட்டு அட்டை இருந்தால் போதும் என்று வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. என்ன அளவில் வைப்பது என்று தீர்மானிப்பதற்கு மட்டும்தான் கட்டணம். இந்த வரி ஆள் உயரத்தில் இல்லை, அந்த ஆளின் செருப்பு உயரத்தில் இருந்தது.

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஈர விரிப்பை உதறி, ஓரம் பிசகாமல் கொதிக்கிற உருளைக்குள் கொடுக்க வேண்டும். அந்த ரோலரில் பல வருஷம் நின்றதில் சொந்தப் பெயர் போய் ரோலரம்மா ஆகிவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டி வந்தது. கட்டியோடு சேர்த்து இடது மார்பையும் எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். பிழைத்தாள். அதன்பிறகு அந்த இடத்தில் ஒரு கைத்துண்டை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தாள். தெருவில் நடக்கும்போது துண்டு நழுவாமல் இடது கையை நெஞ்சில் அழுத்திக்கொண்டே நடப்பாள். புதிதாகப் பார்ப்பவர்கள் ரொம்ப மரியாதை தெரிந்த பெண் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ரோலர் முன்னால் கையை அழுத்திக்கொண்டு நிற்க முடியாது. இரண்டு கையையும் தூக்கி உதற வேண்டும். உதறுகிற உதறலில் துண்டு ஒரு நாள் கக்கத்துக்குப் போகும், ஒரு நாள் வயிற்றுக்கு இறங்கும். கடைசியில் ஒரு நாள் கழுத்து வழியாக வெளியே வந்து, விரிப்போடு விரிப்பாக உருளைக்குள் புகுந்து, அந்தப் பக்கம் மொடமொடவென்று தேய்த்த துண்டாக வந்து விழுந்தது.

மேற்பார்வையாளர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இது எந்த ஓட்டல் துண்டு?"

கூடத்துப் பெண்கள் எல்லாரும் அவரவர் விரிப்பின்மேல் குனிந்துகொண்டார்கள். அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் துண்டைச் சட்டென்று கீழே போட்டார்.

"இன்னொரு தடவை இப்படி ஏதாவது உள்ள போச்சுன்னா, உங்களைக் கீழ அனுப்பிடுவேன். மெஷினுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

கீழே என்றால் நிலவறை. மற்றவர்கள் வாந்தியும் ரத்தமுமாகக் கழற்றிப் போட்ட விரிப்புகளைப் பிரித்துப் போடுகிற இடம். ஜன்னல் கிடையாது, கூலியும் பாதி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் எதிலிருந்து தப்பித்து வந்தாளோ அந்த வாடை அங்கே நாள் முழுக்க அடிக்கும். அங்கே மட்டும் போக மாட்டேன் என்று முடிவு செய்துதான் ரோலரம்மா மையத்தின் படியேறினாள். துணைக்கு அவள் நாத்தனார். புருஷனுடைய தங்கை, காய்க்கடை வைத்திருப்பவள், எடை போடும்போதுகூட வாய் ஓயாதவள்.

பெரிய டாக்டர் மேசைக்குப் பின்னால் உட்காராமல் மேசைமேலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க. உங்க கனவு என்ன?"

ரோலரம்மாவுக்கு முந்தின இரவு வந்த கனவு ஞாபகம் வந்தது. தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்ட கனவு. அதைச் சொல்வதா என்று யோசித்து விட்டுவிட்டாள்.

"இந்தப் பக்கம் எப்படி இருக்கோ, அந்தப் பக்கமும் அப்படி இருந்தாப் போதும் டாக்டர்."

டாக்டரின் முகம் வாடிப்போயிற்று. "அது கனவு இல்லம்மா. அது நகல். நகல் எடுக்கத்தான் முக்குக்கு முக்கு கடை வெச்சிருக்கான். அதுக்கா நான் இத்தனை வருஷம் படிச்சேன்?"

"இத்தனை வருஷம் படிச்சவருக்கு நகல் எடுக்கிறது சுலபமாத்தானே இருக்கும்?" என்றாள் நாத்தனார்.

டாக்டர் அவளைப் பார்த்த பார்வையில், காய்க்கடைக்காரர்களுக்கும் கட்டணம் உண்டோ என்று ரோலரம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது.

வெல்வெட் துணி விரித்த தட்டு ஒன்று வந்தது. அதில் நான்கு பைகள், தண்ணீர் நிரப்பியவை, பின்னால் சின்ன வால்வு வைத்தவை. உடம்புக்குள் வைப்பதற்கு முன்னால் வெளியே போட்டுப் பார்க்கிற மாதிரிப் பைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. மிகச் சிறியது அடக்கம். அடுத்தது நம்பிக்கை. அதற்கும் மேலே ஆளுமை. கடைசியில், தட்டில் பாதியை அடைத்துக்கொண்டு, வெற்றி.

"எண் போட்டு வெச்சா ஆகாதா டாக்டர்?"

"எண் சொன்னா ஜனங்க பயப்படறாங்கம்மா. வெற்றின்னு சொல்லிப் பாருங்க, யாராவது வேணாம்பாங்களா?"

மார்பு என்ற சொல்லை அந்தக் கட்டடத்தில் யாரும் உச்சரிக்கவில்லை. வடிவம் என்றார்கள், முன்னிலை என்றார்கள், ஒருவர் 'உங்கள் இருப்பு' என்றார். ரோலரம்மா ஒரே ஒரு தடவை மார்பு என்று சொன்னபோது, நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

வலது பக்கத்தை அளந்தார்கள். அது அடக்கத்துக்கு மேலேயும் நம்பிக்கைக்குக் கீழேயும் விழுந்தது.

"நடுவுல விழுந்தா என்ன செய்வீங்க?"

"நடுவுன்னு ஒண்ணு எங்ககிட்ட கிடையாதும்மா. மேல போயிடுவோம். பெருசு பத்தலைன்னு திரும்பி வந்தவங்க நிறைய பேரு. சிறுசாக்கித் தாங்கன்னு வந்தவங்களும் உண்டு. அதுக்குத் தனிக் கட்டணம். அதனால அவங்களையும் நாங்க தப்பா நினைக்கிறதில்ல."

அடுத்த வாரம் படம் காட்டும் அறை. கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெண் கடற்கரையில் தலைமுடி பறக்க நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் வெற்றி.

"யாரு தம்பி இது?"

"நீங்கதாம்மா. எல்லாம் முடிஞ்ச பிறகு."

ரோலரம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். "என் கழுத்துல ஒரு மச்சம் இருக்குமே, அது எங்க?"

"அது வேணும்னா சேர்க்கலாம். தனிக் கட்டணம்."

"அண்ணனுக்கு இந்தப் படத்தைக் காட்டிடாதீங்க அண்ணி. கடற்கரைக்குக் கிளம்பிடப் போறாரு" என்று நாத்தனார் காதோடு சொன்னாள். ரோலரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருகைக்கும் அரை நாள் கூலி பிடிப்பார்கள். கால் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது.

அப்புறம் மன ஆலோசகி. அந்த அறையில்தான் மெத்தை நாற்காலி. உட்கார்ந்தால் ஆளையே உள்ளே இழுத்துக்கொண்டது. ரோலரம்மா பதறி எழுந்துவிட்டாள்.

"நின்னுகிட்டே பேசறேம்மா. எனக்கு நின்னுதான் பழக்கம்."

ஆலோசகி எதையோ குறித்துக்கொண்டாள். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு ஏன் நினைக்கிறீங்க?"

ரோலரம்மா யோசித்தாள். அவளிடம் இதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "ரெண்டு இருக்குதே, அதனால."

"ம்..." ஆலோசகி கண்ணை மூடித் திறந்தாள். "இப்படி ஒண்ணோட ஒண்ணை ஒப்பிட்டுப் பார்க்கிற பழக்கம் உங்களுக்குச் சின்ன வயசிலேருந்தே உண்டா?"

இப்படியாகத் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, அளவுக் குழு கூடியது. நீள்வட்ட மேசையைச் சுற்றி ஐந்து பேர். பெரிய டாக்டர், ஆலோசகி, ஒரு சிற்பி, விற்பனைப் பிரிவின் தலைவர், பொதுமக்கள் சார்பில் ஒருவர். பொதுமக்கள் சார்பில் வந்தவர் டாக்டரின் மச்சான் என்பது பிஸ்கட் தட்டை அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்ட உரிமையிலேயே தெரிந்தது.

சிற்பி எழுந்து ரோலரம்மாவை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இடது பக்கம் நல்லா இருக்கு. சுத்தமான வெற்றிடம். கற்பனைக்கு இடம் கொடுக்குது. வலது பக்கம்தான் உறுத்துது."

"அதேதான் நானும் சொல்ல நினைச்சேன்" என்றார் விற்பனைத் தலைவர். "இல்லாத பக்கத்தால நமக்கு ஒரு தொந்தரவும் இல்ல. இருக்கிற பக்கம்தான் ஒத்துழைக்க மாட்டேங்குது."

மச்சான் பிஸ்கட்டை விழுங்கிவிட்டுப் பேசினார். "பொதுமக்கள் என்ன நினைக்கிறாங்கன்னா, பெருசா இருந்தா நல்லதுன்னு நினைக்கிறாங்க."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "நாங்க இங்க யாரையும் கட்டாயப்படுத்துறதே கிடையாது. என்ன வேணும்னு நோயாளிகளே முடிவு பண்ணணும். முடிவு எங்களுக்கு ஒத்துவர்ற வரைக்கும் பொறுமையாக் காத்திருப்போம், அவ்வளவுதான். குழுவோட பரிந்துரை, ரெண்டு பக்கமும் வெற்றி."

"ஐயா, எனக்கு இந்தப் பக்கம் ஒண்ணும் ஆகலையே" என்றாள் ரோலரம்மா, வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு. இடது பக்கத்தைப் பொத்தியே பழகிய அந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அடேங்கப்பா, ஒரு கத்திரிக்கா வாங்க வந்தா கடையையே தலையில கட்டுறாங்க" என்று நாத்தனார் முணுமுணுத்தாள். கூட்டத்தில் இடையூறு என்று அதற்கும் ஒரு தொகை ஏறிற்று.

எப்படியும் ஒரு வாரம் வெளியே போட்டுப் பழக வேண்டும், அப்போதுதான் வெற்றி பிடித்துப்போகும் என்றார்கள். இடது பக்கத்துக்கு ஒரு வெற்றி கொடுத்தார்கள். சாமான் அறைக்காரர் அதன் அடியில் ஒட்டியிருந்த எண்ணைத் தடவிக் காட்டினார். "இந்த எண்தாம்மா இதுக்கு உயிரு. இது இல்லைன்னா இது எங்களுதே இல்ல." அவர் தலைக்கு மேலே சுவரில் பெரிதாக எழுதியிருந்தது: எங்கள் வெற்றி எந்தச் சூட்டிலும் சுருங்காது.

மறுநாள் ரோலரம்மா வெற்றியோடு வேலைக்குப் போனாள். குனிந்தால் விரிப்பின் ஓரம் தெரியவில்லை. நிமிர்ந்தால் இடது பக்கம் முன்னால் போயிற்று, அவள் பின்னால் போனாள். எதிர்ப்பக்கம் விரிப்பைப் பிடித்துக்கொண்டிருந்த தோழி கேட்டாள்: "என்னக்கா, ஒரு பக்கம் மட்டும் சம்பளம் ஏத்திட்டாங்களா?"

"சும்மா இரு. அஞ்சு பேர் கூடி உக்காந்து முடிவு பண்ணி அனுப்பியிருக்காங்க."

மத்தியானத்துக்குள் அது நடந்துவிட்டது. சுருண்டுபோன ஒரு ஓரத்தை எடுக்க எட்டிக் குனிந்தாள். அவள் கை போய்ச் சேருவதற்கு முன்னால் வெற்றி போய்ச் சேர்ந்தது. உருளையின் விளிம்பில் உஸ்ஸ் என்றொரு சத்தம். ஆவி கிளம்பியது. ரப்பர் கருகும் நாற்றம். ரோலரம்மா அலறிக்கொண்டு பின்னால் பாய்ந்து பையை வெளியே இழுத்துப் போட்டாள். நல்லவேளை, உடம்பில் சூடு படவில்லை. பை தரையில் கிடந்து ஒழுகியது. எண் இருந்த இடத்தில் கருப்பாக ஒரு வடு.

மேற்பார்வையாளர் வந்தார். ஈரத் தரையைப் பார்த்தார், கருகிய பையைப் பார்த்தார், அது என்னவென்று இந்தத் தடவை கேட்கவில்லை. "திங்கக்கிழமை வரைக்கும் பாக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

மையத்துக்குப் போன் செய்து சொன்னாள். எதிர்முனைக் குரல் பதறவே இல்லை. பையின் விலை நாற்பத்து மூவாயிரம், பழைய பாக்கியோடு சேர்த்து அறுபத்தோராயிரத்து நானூற்று ஐம்பது, பையோடு வந்து குழுவைப் பார்க்கவும் என்றது.

அவள் புருஷன் சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் பஞ்சர் ஒட்டுகிறவர். அதிகம் பேசாதவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா அவ்வளவு விலை சொல்றான்? டியூப்பை விட மெலிசா இருக்கு."

"ஒட்டிக் கொடுத்தா வாங்கிப்பானான்னு பாருங்க. இல்லைன்னா நம்ம ரெண்டு பேரும் ஆயுசுக்கும் அவனுக்குத்தான் உழைக்கணும்."

காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தை அடையாளம் வைத்தார். துடைத்தார், உரசினார், பசை தடவினார், ஊதினார், வட்டமாக ஒரு ஒட்டு வைத்துத் தட்டினார். பிறகு குழாயின் முனையை வால்வில் செருகிவிட்டுக் கேட்டார்:

"தண்ணி எவ்வளவு விடணும்?"

"அங்க என்னமோ பேரெல்லாம் சொன்னாங்க. எனக்கென்ன தெரியும்?"

"அங்க சொன்னது கிடக்கட்டும். நீ போட்டுக்கோ, நான் விடறேன். எங்க நிறுத்தணும்னு நீ சொல்லு."

இரண்டு வருஷமாக விளக்கை அணைத்த பிறகுதான் அவள் உடை மாற்றுவாள். ஷட்டரின் அடியில் மத்தியான வெயில் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு திரும்பினாள். பையை உள்ளே வைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய பழைய ஸ்கூட்டர் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். தண்ணீர் ஏறியது. பை மெல்ல எழும்பிற்று. அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்" என்றாள்.

குழாயை மடக்கிப் பிடித்தார். "நெசமா? இன்னும் கொஞ்சம் விடட்டா?"

"போதும்னா போதுங்க."

ஐந்து பேர் பிஸ்கட் தின்றும் முடியாத காரியம். அவர் வால்வை மூடினார். கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தெரிந்தவை மாதிரி இருந்தன. நாத்தனார் வந்து உள்ளாடையின் உட்புறம் ஒரு பை தைத்து அதற்குள் இதைச் செருகிவிட்டாள். திங்கட்கிழமை ரோலரம்மா உருளை முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கி உதறினாள். மேற்பார்வையாளர் மூன்று தடவை அந்தப் பக்கமாக வந்தார், குறை சொல்ல எதுவும் கிடைக்காமல், வெளிச்சம் போதவில்லை என்று பல்பை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில் பையைத் திருப்பிக் கொடுக்க நாத்தனாரோடு மையத்துக்குப் போனாள். கழற்றிக் கையில் கொண்டுபோகத்தான் நினைத்தாள். பஸ் நெரிசலில் எங்காவது நசுங்கிவிட்டால் என்ன செய்வது என்று போட்டுக்கொண்டே போய்விட்டாள்.

அவள் குழு அறைக்குள் நுழைந்ததும் பெரிய டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். அவளைச் சுற்றி நடந்தார். கதவைத் திறந்து, வெளியே நின்ற பயிற்சி டாக்டர்களை உள்ளே கூப்பிட்டார்.

"பாருங்க, நல்லாப் பாருங்க! வெற்றின்னா இதுதான். எங்க முடியுது, எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. ஒரே வாரத்துல உடம்போட ஒண்ணா ஆயிருக்கு. இந்தம்மா நகல் வேணும்னு கேட்டாங்க. நான் ஒத்துக்கிட்டிருந்தா இப்படி வந்திருக்குமா?"

"வலது பக்கமும் இப்போ ஒத்துழைக்குது" என்றார் சிற்பி.

"பொதுமக்களுக்கும் திருப்தி" என்றார் மச்சான்.

ஆலோசகி கண் கலங்கினாள். விற்பனைத் தலைவர் போட்டோ எடுக்க ஆள் அனுப்பினார். ரோலரம்மா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"இதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தேன் டாக்டர்" என்று திரைக்குப் பின்னால் போய்க் கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் இருந்த வெல்வெட் தட்டில் வைத்தாள்.

வெல்வெட் மேல் கிடந்த வெற்றியின் வயிற்றில் வட்டமாக ஒரு சைக்கிள் பஞ்சர் ஒட்டு. அதைச் சுற்றிலும் கருகல். பாதித் தண்ணீர்கூட இல்லை. போட்டோக்காரர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டார். பயிற்சி டாக்டர்களில் ஒருவருக்கு இருமல் வந்தது, அது இருமல்தான் என்று அவரே நம்புகிறவரைக்கும் இருமினார்.

"இதை ரிப்பேர் பண்ணினது யாரு?" என்றார் டாக்டர்.

"எங்க வீட்டுக்காரர்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"சந்தைக்கு எதிர்ல, மூணாவது கடை" என்றாள் நாத்தனார். "காத்தும் அடிப்பாரு."

கணக்கரைக் கூப்பிட்டார்கள். அவர் பையைத் திருப்பி எண்ணைத் தேடினார். எண் இருந்த இடத்தில் வடுதான் இருந்தது. டாக்டரின் காதருகே குனிந்தார், ஆனால் அந்தக் குரலுக்கு ரகசியம் பழக்கமில்லை.

"சார், இந்தம்மாகிட்ட பணம் வாங்கணும்னா, நம்ம வெற்றி கருகிப்போச்சுன்னு எழுதணும். அப்படி எழுதினா சுவத்துல இருக்கிறதை அழிக்கணும். இந்த ஊர்ல மட்டும் நமக்கு எத்தனை சுவரு! பெயிண்ட் செலவு இவங்க பாக்கியைத் தாண்டிடும்."

டாக்டர் மேசைமேல் சாயாமல், முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ என்ன பண்ணலாம்?"

"இதுல எண் இல்ல. அதனால இது நம்மளுது இல்ல. நம்மளுது இல்லாததை நாம கொடுத்திருக்க முடியாது. கொடுக்காதப்போ இவங்க போட்டுப் பார்த்திருக்க முடியாது. அதுக்கு முன்னாடி நாம பேசினது, பார்த்தது எல்லாம் இவங்க போட்டுப் பார்க்கிறதுக்காகத்தானே? ஒரேயடியா தள்ளுபடி பண்ணிடலாம்."

வெளியே கணக்கரின் ஜன்னலில் நின்றார்கள். தள்ளுபடிக்குக் காரணம் கேட்டது கம்ப்யூட்டர். மூன்றே காரணங்களைத்தான் அது ஒத்துக்கொள்ளும். நோயாளி இறந்துவிட்டார். ஊரை விட்டுப் போய்விட்டார். வரவே இல்லை.

"முதல்ல இருக்கிறதை மட்டும் அழுத்திடாதீங்க சார்" என்றாள் நாத்தனார். "அதைத் தாண்டித்தான் வந்திருக்காங்க."

கணக்கர் மூன்றாவதை அழுத்தினார். சீட்டு ஒன்று வெளியே வந்தது. பாக்கி இல்லை, நோயாளி வரவே இல்லை என்று போட்டிருந்தது. முத்திரை குத்தி, பையையும் சேர்த்து ஜன்னல் வழியாகத் தள்ளினார். "இதையும் எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. இது எங்களுது இல்ல."

ரோலரம்மா பையோடு பெண்களுக்கான கழிப்பறைக்குள் போய், அதைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். நாத்தனார் ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். சீட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, அந்த மையத்துக்கு வரவே வராதவள் இரண்டு கையையும் வீசிக்கொண்டு படியிறங்கினாள்.